பதினேழு புள்ளி வீடுகள் பதினான்கு

தாஷ்கெச்சு என்ற மலையூரின் ஊராட்சி அலுவலகத்தில் அரைநாள் வேலை பார்க்கும் அனார்குலிடம் இரண்டு கேள்விகளை யாரும் கேட்க மாட்டார்கள். புருஷனை விட்டு ஏன் வந்தாய் என்பது ஒன்று. கூட்டல் சரியாக இருக்கிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் வராது. இரண்டாவதற்கு, கேட்டவரைக் கதவு வரைக்கும் துரத்திக்கொண்டு பதில் வரும்.

வயது நாற்பத்து நான்கு. நரீன் நகரத்தில் இரண்டு வருஷம் கணிதம் படித்தாள். மூன்றாம் வருஷம் தொடங்கும் முன்னே கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். மாமனார் வீட்டில் அவள் படித்த கணிதம் மாடுகளுக்குத்தான் பயன்பட்டது: காலையில் எத்தனை வாளி, மாலையில் எத்தனை வாளி. பதினோரு வருஷம் பொறுத்தாள். பிறகு ஒரு நாள் ஒரு தையல் மிஷினையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அண்ணன் குபாட் வாசலில் நின்று, "மிஷின் ஓடுமா?" என்று மட்டும் கேட்டான். "ஓடும்" என்றாள். "அப்ப உள்ள வா" என்றான். அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

அப்போது குபாட்டுக்கு இரண்டு காலும் இருந்தன. இரண்டு வருஷம் கழித்து நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு தள்ளுவண்டி உருண்டு அவனுடைய இடது காலை எடுத்துக்கொண்டது. நிலக்கரிக்குக் காலைக் கொடுத்தவன் வீட்டுக்கும் குளிர்காலத்து நிலக்கரி பட்டியல் பார்த்துத்தான் வந்தது. அந்தப் பட்டியலைத் தயாரிப்பது அவன் தங்கை அனார்குல்.

இந்தப் பட்டியலைத் தெரிந்துகொண்டால்தான் அவளைத் தெரிந்துகொள்ள முடியும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஏழை வீடுகளுக்கென்று மாவட்டத்திலிருந்து ஊருக்கு நிலக்கரி வரும். அந்த வருஷம் ஒதுக்கியது தொண்ணூறு டன். வீட்டுக்கு இரண்டு டன் என்பது விதி. ஒவ்வொரு வீட்டுக்கும் புள்ளி போடுவார்கள்: குழந்தைகள் எத்தனை, உடம்புக்கு முடியாதவர் உண்டா, சம்பளம் வருகிறதா என்று. புள்ளி கூடினால் கஷ்டம் கூடுதல் என்று அர்த்தம். அதிகப் புள்ளிக்காரர் மேலே, குறைந்தவர் கீழே. ஓரத்தில் 'இதுவரை மொத்தம்' என்று ஒரு பத்தி. முதல் வீட்டுக்கு நேரே இரண்டு, அடுத்த வீட்டுக்கு நேரே நான்கு, அதற்கடுத்து ஆறு என்று அது ஏறிக்கொண்டே போகும். தொண்ணூறைத் தொடுகிற இடத்தில் அனார்குல் சிவப்புக் கோடு போடுவாள். கோட்டுக்கு மேலே இருப்பவர் வீட்டில் அடுப்பு எரியும். கீழே இருப்பவர் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒன்பது வருஷமாக அவள் இந்தக் கோட்டைப் போட்டு வந்தாள். ஒரு கிலோ கூடத் தப்பியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்றால் அது குறைத்துச் சொல்வது.

அக்டோபர் பாதியில் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். மறுநாள் காலை சூரா வந்து நின்றாள். ஆட்டிடையன் பெய்ஷெனின் மனைவி. மலையிலிருந்து இறங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. முகம் இன்னும் மேய்ச்சல் மலை வெயிலில் கறுத்து, கன்னம் வெடித்துக் கிடந்தது. கடைக்குட்டியைச் சால்வையில் சுற்றி முதுகில் கட்டியிருந்தாள். அது இருமியது.

"அக்கா, என் பேரு எங்க இருக்கு?"

"நாப்பத்தேழாவது வரி. கோட்டுக்குக் கீழ" என்றாள் அனார்குல், கணினியிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எனக்கு எத்தன புள்ளி?"

"பதினேழு."

"கோட்டுக்கு மேல இருக்கற முகாஷ் அண்ணனுக்கு?"

"பதினேழு."

"உங்களுக்கு?"

அனார்குல் தலையைத் தூக்கினாள். அவள் வீடு முப்பத்தெட்டாவது வரியில் இருந்தது. "பதினேழு."

"மூணு பேருக்கும் பதினேழு. அப்புறம் கோடு எப்படி நமக்கு நடுவுல வந்துச்சு?"

"ஒரே புள்ளியா இருந்தா முதல்ல மனு குடுத்தவங்க மேல வருவாங்க. செப்டம்பர் ஒண்ணாந்தேதி பதிவு ஆரம்பிச்சாச்சு. நீ அக்டோபர்ல வந்த. நான் என்ன பண்ண? கம்ப்யூட்டர் அப்படித்தான் அடுக்கும்."

சூரா அந்தக் கணினியைப் பார்த்தாள். "செப்டம்பர் ஒண்ணாந்தேதி நாங்க மலை மேல இருந்தோம். இந்த ஊர்க்காரங்க ஆட்டைத்தான் மேய்ச்சிட்டு இருந்தோம். உங்க கம்ப்யூட்டர் கீழ வந்து மனு குடுக்கச் சொன்னா, அந்த நேரத்துக்கு ஆட்டை அது வந்து பாத்துக்குமா?"

அனார்குல் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். வேலை நேரத்தில் அது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

"போன ஜனவரில கொட்டகைக் கதவை அறுத்து எரிச்சோம்" என்றாள் சூரா, சண்டைக்காரியாக இல்லாமல், நடந்ததைச் சொல்கிறவளாக. "இந்த வருஷம் அறுக்கக் கதவு இல்ல. அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." குழந்தையை முதுகில் ஒரு குலுக்குக் குலுக்கிச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

அனார்குல் தேநீரைத் தள்ளி வைத்தாள். பழைய பட்டியல்களை எல்லாம் திறந்தாள். ஒன்பது வருஷம், ஒன்பது கோடு. ஒவ்வொரு வருஷமும் கோடு விழுந்த இடத்தில் ஒரே புள்ளிக்காரர்கள் ஏழெட்டுப் பேராவது இருந்தார்கள். அவர்களை வெட்டிக்கொண்டுதான் கோடு போயிருந்தது. அப்படி, பக்கத்து வரிக்காரரைப் போலவே புள்ளி வாங்கியும் கோட்டுக்குக் கீழே விழுந்த வீடுகளை எண்ணினாள். மொத்தம் நாற்பத்தொன்று. அதில் முப்பத்தேழு ஆட்டிடையர் வீடுகள்.

இரண்டாம் முறை எண்ணினாள். முப்பத்தேழுதான்.

ஒரு கிலோ தப்பாமல் ஒன்பது வருஷம் அவள் செய்தது இதுதான். கூட்டல் சரி. கூட்டலுக்கு முன்னால் அடுக்கிய வரிசையில்தான் கோளாறு, அதை அவள் ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒன்பது வருஷமும் அவள் வீடு கோட்டுக்கு மேலே இருந்தது. பதிவு தொடங்கும் அன்று காலை முதல் ஆளாகத் தன் மனுவைத் தானே வாங்கி, தானே முத்திரை குத்துகிறவள் அவள். அவளுக்கு அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் அழுகிற ஆள் இல்லை அவள். கோபம்தான் வரும், அதுவும் யார் மேல் என்று பார்த்துக்கொண்டு வராது.

ஃபார்முலாவை மாற்றினாள். வரி வரியாகக் கூட்டாதே, ஒரே புள்ளிக்காரர்களை ஒரே ஆளாக எடுத்துக் கூட்டு என்று கணினிக்குச் சொன்னாள். அது சொன்னபடி கேட்டது. முப்பத்தேழாவது வரியில் எழுபத்து நான்கு டன். முப்பத்தெட்டாவது வரியில் ஒரே தாவலாக நூற்றிரண்டு! அங்கிருந்து ஐம்பத்தொன்றாவது வரி வரைக்கும், பதினான்கு வீடுகளுக்கும் நேரே நூற்றிரண்டு, நூற்றிரண்டு, நூற்றிரண்டு. பதினான்கு வீடும் ஒன்றாகச் சேர்ந்தால் தொண்ணூறைத் தாண்டிவிடுகிறது. கோடு அத்தனை பேருக்கும் மேலே போய் உட்கார்ந்தது. முன்பு எட்டு வீட்டுக்குக் கிடைத்து ஆறு வீட்டுக்குக் கிடைக்கவில்லை. இப்போது பதினான்கு வீட்டுக்கும் இல்லை, பதினாறு டன் யாருக்கும் இல்லாமல் மிச்சம் கிடந்தது.

"எல்லாரையும் சமமாக் கொல்றதுக்குப் பேரு நியாயமா?" என்று கணினியைத் திட்டினாள். அடுத்த அறையில் இருந்த ஊராட்சித் தலைவர் ஒர்மோன்பேக், யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு அவள் கணினியை ஒதுக்கிவிட்டுப் பென்சிலை எடுத்தாள். பதினாறாயிரம் கிலோ, பதினான்கு வீடு. வீட்டுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது கிலோ. மிச்சம் நாற்பது கிலோ. அவ்வளவுதான், ஐந்தாம் வகுப்புக் கணக்கு. இதைப் போட அவளுக்கு ஒன்பது வருஷம் பிடித்தது.

புதுப் பட்டியலைக் கொண்டுபோய் ஒர்மோன்பேக்கின் மேஜையில் வைத்தாள். அவர் கெட்டவர் இல்லை. சண்டை என்றால் ஒதுங்கிப் போகிறவர், அவ்வளவுதான். எதையும் நாளைக்குத் தள்ளிப் போட்டால் நாளை மறுநாள் அது தானாகச் செத்துவிடும் என்று நம்புகிறவர்.

"தங்கச்சி, வீட்டுக்கு ரெண்டு டன்னுன்னு விதி இருக்கு. ஆயிரத்து நூத்தி நாப்பது எங்கேருந்து வந்துச்சு?"

"வகுத்தேன், வந்துச்சு."

"மாவட்டத்துல திருப்பி அனுப்பிடுவாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பட்டியல் போகலேன்னா நம்ம நிலக்கரி அடுத்த ஊருக்குப் போயிடும். பழசையே அனுப்பு."

"பழசுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஒன்பது வருஷமாப் போட்டியே?"

"ஒன்பது வருஷமாத் தப்பாப் போட்டேன். பத்தாவது வருஷமும் தப்பாப் போடணும்னு எந்த விதியில இருக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்கே எண்ணூத்தி அறுபது கிலோ போகுது. உன் அண்ணன் ரெண்டு காலோட இருக்கறவன் இல்ல. யோசிச்சியா?"

"யோசிக்காம வருவேனா?"

"முகாஷ் சும்மா விடுவாரா?"

இதுதான் அவருடைய உண்மையான கவலை. முகாஷ் முப்பத்தொன்பதாவது வரி. அவரிடம் அறுபது ஆடு உண்டு என்பது ஊர் அறிந்தது. அந்த அறுபதும் காகிதத்தில் மருமகன் பேரில் மேய்ந்தன. அதனால் அவர் ஏழை, பதினேழு புள்ளி ஏழை. போதாக்குறைக்கு ஒர்மோன்பேக்கின் மனைவிக்குச் சித்தப்பா முறை.

அனார்குல் தலைவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. புதுப் பட்டியலைப் பலகையில் ஒட்டினாள். அதன் பக்கத்தில் பழையதையும் ஒட்டினாள். இரண்டுக்கும் நடுவில் கொட்டை எழுத்தில், 'சனிக்கிழமை காலை பள்ளிக்கூட மண்டபத்தில் கேளுங்கள், சொல்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் போக வேண்டுமே என்றால், அதற்கும் மாவட்டத்துக்குப் போன் போட்டு, "கூட்டல்ல ஒரு தப்பு கண்டுபிடிச்சிருக்கேன், திங்கக்கிழமை வரும்" என்று சொல்லிவிட்டாள். தன் கூட்டலில் தப்பு என்று அவள் வாயாலேயே சொன்னது அதுதான் முதல் தடவை. கடைசியும் அதுதான்.

வீட்டில் குபாட் கேட்டான், "என்ன, ஊரையே கூட்டியிருக்கியாமே?"

"நம்ம பங்குல எண்ணூத்தி அறுபது கிலோ போகும்ணே."

அவன் கட்டைக் காலை நீட்டி அடுப்போரம் வைத்துக்கொண்டான். "எனக்கு ஒரு கால்தானே குளிரும்" என்றான். சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஆனால் அந்த வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. தட்டிலிருந்த கடைசி பொர்சோக்கை, எண்ணெயில் பொரித்த ரொட்டித்துண்டை, அவன் பக்கம் தள்ளினாள்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. முன் வரிசையில் முகாஷ், வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு, விருந்துக்கு வந்தவரைப் போல. பழைய கோட்டுக்கு மேலே இருந்த பதினேழு புள்ளிக்காரர் எட்டு வீட்டில் ஏழு வீட்டார் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எட்டாவது வீடு அனார்குலுடையது. சூராவும் மற்ற ஆட்டிடையர் வீட்டுப் பெண்களும் கடைசியில் சுவரோரம் நின்றார்கள்.

முகாஷ்தான் ஆரம்பித்தார். "ஏம்மா, ஒன்பது வருஷமா வாங்கிட்டிருந்த நிலக்கரியைப் பாதியா வெட்டுறியே, உனக்கு யார் குடுத்த அதிகாரம்? முன்னாடி வந்தவனுக்கு முன்னாடி. ரொட்டிக் கடையில கூட அதான் நியாயம்."

"சரிண்ணே. செப்டம்பர் ஒண்ணாந்தேதி நீங்க எங்க இருந்தீங்க?"

"ஆபீஸ் வாசல்ல. உனக்கு அடுத்தது நான்தானே?"

"உங்க ஆடுங்க எங்க இருந்துச்சு?"

"மலையில." சொன்ன பிறகு நினைவு வந்து, "மருமகன் ஆடு" என்று சேர்த்துக்கொண்டார். பின்னால் யாரோ ஆடு மாதிரிக் கத்தினார்கள்.

"மருமகன் ஆடாவே இருக்கட்டும். யார் மேய்ச்சா?"

"பெய்ஷென்."

"அந்த ஆட்டை விட்டுட்டுப் பெய்ஷென் மனு குடுக்க வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"தோலை உரிச்சிருப்பேன்! ஓநாய் வருதுல்ல?"

"ஆக, வந்தா நீங்க தோலை உரிப்பீங்க. வரலேன்னா நான் கோட்டுக்குக் கீழ தள்ளுவேன். அந்த மனுஷன் எங்கதான் போவான்?"

சுவரோரம் சலசலப்பு எழுந்தது. முகாஷ் முகம் சிவந்துவிட்டது. "அவங்களுக்கு மலை மேல பட்டி நெறைய வறட்டி கெடக்கு. அதை எரிக்கட்டும்."

"வறட்டி பட்டியில கெடக்கு, புள்ளைங்க ஊர்ல பள்ளிக்கூடத்துல இருக்கு" என்று சுவரோரத்திலிருந்து சூரா குரல் கொடுத்தாள். "அதைச் சுமந்துட்டு வர உங்க மருமகன் லாரி அனுப்புவாரா அண்ணே?"

சிரிப்பு அடங்கும் வரை அனார்குல் பொறுத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். அவளைத் தெரிந்தவர்கள் அப்போதுதான் உஷாரானார்கள்.

"முகாஷ் அண்ணே, இந்த ஊர்ல விருந்துன்னா ஆட்டை அறுத்துக் கறியைப் பங்கு வைக்கறது யாரு?"

"அதை இந்த ஊர்ல என்னை விட்டா வேற யாருக்குத் தெரியும்?" அது உண்மை. கல்யாணமோ சாவோ, எந்த எலும்பு யாருக்கு என்று வயசும் மரியாதையும் பார்த்து வைப்பதில் அவரை மிஞ்ச மூன்று பள்ளத்தாக்கிலும் ஆள் இல்லை. அதில் அவருக்கு இருந்த பெருமை, கூட்டலில் அனார்குலுக்கு இருந்த பெருமைக்குக் குறைந்தது இல்லை.

"ஒரே வயசு, ஒரே மரியாதை, ரெண்டு பேர் வந்திருக்காங்க. நல்ல எலும்பு ஒண்ணுதான் இருக்கு. முதல்ல வீட்டுக்குள்ள வந்தவனுக்குக் குடுத்துட்டு, குதிரையைக் கட்டிட்டுப் பின்னாடி வந்தவனுக்கு வெறும் சூப்பு ஊத்துவீங்களா?"

"சீ! அப்படிச் செஞ்சா அந்த வீட்டுல அப்புறம் எவன் கை நனைப்பான்? கறியைச் சீவி ஒரே தட்டுல வைப்பேன். ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து தின்பாங்க. முன்ன வந்தான் பின்ன வந்தான்னு பாக்கறது பங்கு வைக்கத் தெரியாத பய பண்றது. நான்..."

அங்கேயே நின்றுவிட்டார். வாயை மூடினார். திறந்தார். மறுபடியும் மூடினார். மண்டபத்தில் முதலில் சிரித்தது அவருடைய சொந்த மனைவிதான் என்று பிற்பாடு சொன்னார்கள்.

"நானும் அதைத்தான் பண்ணியிருக்கேன்ணே. சீவி ஒரே தட்டுல வச்சிருக்கேன். ஒன்பது வருஷமாப் பங்கு வைக்கத் தெரியாத பய வேலை பாத்தது நான்தான், அதுக்கு இங்க எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். மனுவை முதல்ல குடுத்ததும் நான்தான். எண்ணூத்தி அறுபது கிலோ போறது என் வீட்டுக்கும் சேத்துத்தான். ஆனா திங்கக்கிழமை போகப் போறது இந்தப் பட்டியல்தான். மாத்தணும்னா என்னை மாத்திட்டு மாத்துங்க."

ஒர்மோன்பேக் கையைப் பிசைந்தார். ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது நாளைக்குத் தள்ளிப் போட அவருக்கு வழி இல்லை. பேனாவை எடுத்து, 'இது அனார்குலின் பொறுப்பு' என்று ஒரு ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை மாவட்டத்து அதிகாரி போன் செய்தான். இளவயசுக் குரல். "அம்மா, உங்க பட்டியல்ல பதினாலு வரியில ரெண்டு டன் இல்ல. எங்க படிவம் இதை வாங்காது."

"மொத்தம் எவ்வளவு வருது பாரு தம்பி."

"எண்பத்தொன்பது டன், தொள்ளாயிரத்து அறுபது கிலோ."

"தொண்ணூறைத் தாண்டலையே?"

"தாண்டல."

"மேல கேட்டா மொத்தத்தைக் கேப்பாங்களா, நடுவுல நாப்பதாவது வரியைக் கேப்பாங்களா?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "மொத்தத்தைத்தான்" என்றான்.

"அப்ப வாங்கிக்கச் சொல்லு உன் படிவத்தை."

வாங்கிக்கொண்டது. ஒன்பது வருஷமாக நடுவரியை அங்கே ஒருவரும் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளும் பெரிய விதி, பெரிய விதி என்று அவள் பயந்தது யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு கட்டத்துக்குத்தான்.

முதல் பனி விழுந்த வாரம் லாரிகள் வந்தன. எடைமேடை பக்கத்தில் அனார்குல் பட்டியலோடு நின்றாள். இரண்டு டன் வீடுகள் முதலில் முடிந்தன. பிறகு பதினேழு புள்ளிக்காரர்கள். முகாஷ் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார், ஆனால் இறங்கவில்லை.

"குடுத்தா ரெண்டு டன் குடு. இல்லேன்னா எனக்கு ஒரு கட்டியும் வேணாம். பிச்சை வாங்க வரல நான்."

"சரிண்ணே" என்றாள். பென்சிலை எடுத்தாள். "பதினாறாயிரம், பதிமூணு வீடு. வீட்டுக்கு ஆயிரத்து இருநூத்தி முப்பது. சூரா, உனக்குத் தொண்ணூறு கிலோ கூடுது. எல்லாரும் கேட்டுக்கங்க, முகாஷ் அண்ணன் தன் பங்கை விட்டுக் குடுத்துட்டாரு!"

"ஏய், ஏய், ஏய்!" என்று முகாஷ் வண்டியிலிருந்து குதித்தார். அந்த வயதில் அப்படிக் குதிப்பார் என்று அவருடைய குதிரைக்கே தெரியாது. அது மிரண்டு இரண்டு அடி நகர்ந்தது. "யார் விட்டுக் குடுத்தா? ஒரு பேச்சுக்குச் சொன்னா உடனே வகுத்துடுவியா?" மண்வெட்டியைத் தானே பிடுங்கிக்கொண்டு அள்ளிப் போட ஆரம்பித்தார்.

பதினான்கு வீடும் முடிந்தபோது எடைமேடையில் நாற்பது கிலோ மிச்சம் கிடந்தது. ஒர்மோன்பேக் வந்து பார்த்தார். அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது. "இந்த நாப்பதை ஆபீஸ் அடுப்புக்கு எடுத்துக்கலாம்" என்றார். பிறகு காகிதத்தை நீட்டினார். புது வருஷத்திலிருந்து பட்டியல் வேலையை வேறு ஆள் பார்ப்பார், அனார்குலின் அரைநாள் வேலை இனிக் கிடையாது என்று அதில் எழுதியிருந்தது. "என்னை மாத்திட்டு மாத்துங்கன்னு நீதானே சொன்ன? முகாஷும் என் வீட்டம்மாவும்... உனக்குத் தெரியாதா?" அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

அனார்குல் இரண்டு முறை வாசித்தாள். அந்த வேலையை விட்டால் தையல் மிஷின்தான். குளிர்காலத்தில் ஊரில் யாரும் புதுத்துணி தைப்பதில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். பிறகு பனியில் காலை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வேலையை எடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கு, எடுத்துக்கங்க. டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும் நான்தான் இருக்கேன். இந்த நாப்பது கிலோ ஆபீசோடது இல்ல. அது பதினேழு புள்ளியோடது."

"நாப்பது கிலோவைப் பதினாலு வீட்டுக்கு எப்படிம்மா பிரிப்ப?"

"ரெண்டு கிலோ எண்ணூத்தம்பது கிராம். உருளைக்கிழங்கு தராசு இருக்குல்ல?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். அவள் கடைக்குப் போய்த் தராசை இரவல் வாங்கி வந்தாள். உட்கார்ந்து பதினான்கு பைகளில் நிறுத்தாள். பிறகு தள்ளுவண்டியில் வைத்து வீடு வீடாகப் போனாள். சூரா பையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, சிரிப்பு தாங்காமல் கதவில் சாய்ந்துவிட்டாள். "அக்கா, இதுல ஒரு கெட்டில் தண்ணி கூடக் கொதிக்காது!" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. குழந்தை சால்வை இல்லாமல் தரையில் தவழ்ந்தது. முகாஷ் பையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். கதவைச் சாத்தப் போனவர், திரும்பி, "எடை சரியா?" என்று கேட்டுவிட்டார். கேட்டதுமே தன் தப்பு புரிந்து, அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

நூறு கிராம் மிஞ்சியது. ஒரே ஒரு சின்னக் கட்டி. அதைக் கொண்டுபோய் ஒர்மோன்பேக்கின் மேஜையில், வேலைநீக்கக் காகிதத்தின் நகல் மேல் வைத்தாள். "இது பதினாலால வகுபடாது. இது ஆபீசுக்கு" என்றாள்.

வீட்டுக்கு வந்து தன் பங்குப் பையை அடுப்பில் கொட்டினாள். குபாட் அந்தக் காகிதத்தை மெதுவாகப் படித்து முடித்தான். பிறகு அடுப்பைப் பார்த்தான்.

"மூணு கிலோ கூட இல்ல. இதுக்கா வேலை போச்சு?"

"இதுக்குத்தான்" என்றாள் அனார்குல். தையல் மிஷின் மேல் கிடந்த துணியை உருவி எறிந்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள். ஓடியது.